ரசம் வரும் வரை

கானாடுகாத்தானில் பெரியப்பாவுக்குச் சாந்தி.
சித்திரை கடைசி வாரம், கத்திரி பிறந்து ஆறாம் நாள்.
காரைக்குடியிலிருந்து மூன்று வண்டி.
நடு வண்டியை ஓட்டியவன் நான்.

அந்த வீட்டைக் கட்டியவர்களுக்கு வெயிலைத் தெரியும்.
மூன்று ஆள் ஏறி நின்றாலும் எட்டாத உத்தரம்,
முட்டை வெள்ளை தேய்த்த சுவர்,
முகப்பில் நுழைந்து வளவு தாண்டி
கொல்லைக் கதவு வரை
திரும்பாமல் ஓடும் காற்று.
அதன் சன்னல்களை எண்ணி முடித்தவர்
எங்கள் வம்சத்தில் யாருமில்லை.

வாசலில் நின்ற என் வண்டிக்கு நான்கு சன்னல்.
நான்கையும் நான்தான் ஏற்றினேன்.
பொத்தானை அழுத்தினேன், கீக் என்றது.
எல்லாம் பத்திரம் என்று
அந்தச் சத்தத்துக்கு அர்த்தம், அன்றுவரை.

பின்னிருக்கையில்
சீர்த்தட்டுக்கும் பலகாரத் தூக்குக்கும் நடுவே
சரிந்து தூங்கியிருக்கிறாள் உமையாள்.
ரெண்டரை வயது.
மேலே யாரோ கழற்றிப் போட்ட பட்டுத் துண்டு.

முன் வண்டிக்காரர்கள்
நடு வண்டியில் வருகிறாள் என்று இறங்கினார்கள்.
நடு வண்டியில் வந்தவர்கள்
பெற்றவள் தூக்கியிருப்பாள் என்று இறங்கினார்கள்.
பெற்றவள், என் அக்கா தேனம்மை,
கடைசி வண்டியில் மாலைக்கூடையோடு வந்தவள்,
"அம்மான்கிட்ட இருப்பா" என்றாளாம்.

அம்மான் பந்தியில் இருந்தேன்.
வெள்ளைப் பணியாரம் விளம்பிக்கொண்டிருந்தேன்.
சட்டைப் பையில் சாவி.

இத்தனை மடி இருந்தது அவளுக்கு.
அதுதான்.

பிறகு ஆஸ்பத்திரியில் கேட்டார்கள்,
எத்தனை நிமிடம்?
இலை போட்டதிலிருந்து ரசம் வரும் வரை
என்று சொன்னேன்.
எழுதிக்கொண்டிருந்த நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள்.

பஞ்சவர்ணம் என்ற பெயர் அன்றைக்கு எனக்குத் தெரியாது.
நுங்குக் கூடையோடு
என் வண்டியின் நிழலில் உட்கார்ந்திருந்தாள்.
வெளியே நிழல் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது
அந்த வண்டி.
உள்ளே பூனை போல என்னவோ
என்று எழுந்து பார்த்தாளாம்.
கண்ணாடியில் அதிரச நெய் ஒட்டிய
ஒரு கையின் தடம்.
கை இல்லை.

கூப்பிட்டிருக்கிறாள்.
உள்ளே கெட்டிமேளம்.

நுங்கு சீவும் அரிவாளின் முதுகால்
முன்பக்கக் கண்ணாடியில் அடித்தாள்.
மூன்றாவது அடிக்கு வண்டி அலறியது.
அலறியதும் கரண்டியோடு ஓடிவந்தேன்.
குழந்தைக்காக அல்ல.
வண்டிக்காக.

"யாரும்மா நீ, கண்ணாடிய"
என்று நான் தொடங்கிய வாக்கியம்
அப்படியே நிற்கிறது, நாலு வருஷமாக.

வியர்வை நின்றுபோயிருந்தது அவளுக்கு.
அடுப்போரம் வைத்த பித்தளைச் சொம்பு மாதிரி இருந்தாள்.
அழவில்லை.
நுங்கு மூடியிருந்த ஈரச் சாக்கை உருவி
கழுத்திலும் அக்குளிலும் சுற்றினாள் அந்தப் பெண்.
சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது
என் பட்டு வேட்டியில்.
நான் அதைக்கூடப் பிழிந்து கொடுக்கவில்லை.
நின்றேன்.

பிழைத்தாள்.
மூன்றாம் நாள் இட்லி கேட்டாள்.

அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.
தெருவில் சிதறிய நுங்குக்கு
பஞ்சவர்ணம் இருநூறு கேட்டாள்.
கூடக் கொடுத்தேன்,
எண்ணிப் பார்த்து முந்தியில் முடிந்துகொண்டாள்.
கண்ணாடி மாற்றியாயிற்று.
இருக்கைக்கடியில் பிரேக் போடும்போதெல்லாம்
ஒரு சில்லு இன்னும் உருளுகிறது,
எடுக்கவில்லை.

இப்போது உமையாளுக்கு ஆறு வயது.
பெல்ட்டைத் தானே போட்டுக்கொள்கிறாள்.
தானே கழற்றுகிறாள்.
என் ஒரு பழக்கத்துக்குச் சிரிக்கிறாள்:
வண்டியில் ஏறியதும் இடது செருப்பைக் கழற்றிப்
பின்னிருக்கைக்கடியில் போட்டுவிடுவேன்.
தனியாகப் போனாலும்.
பெட்ரோல் பங்குக்குப் போனாலும்.

"அம்மான், செருப்ப ஏன் அங்க போடுறீங்க?"

அவளிடம் எதுவும் சொன்னதில்லை.
இறங்குகிறேன்.
தார் ரோடு, மே மாதம், ஒற்றைக் கால்.
பின்கதவு வரை நாலு அடி.